மேன்மை தங்கிய நிர்வாகத்தின் பார்வைக்கு: குணமளிக்கும் தோட்டம் குறித்த விளக்கக் குறிப்பு

குணமளிக்கும் தோட்டம் என்பது நோயாளிகளும் உடன் வந்தவர்களும் பணியாளர்களும் சற்று நேரம் மரநிழலிலும் காற்றிலும் இளைப்பாறுவதற்காக மருத்துவமனை வளாகத்தில் அமைக்கப்படும் இடம். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஒரு மருத்துவமனையின் மேன்மை தங்கிய நிர்வாகம் அண்மையில் திறந்துவைத்த தோட்டம், இந்த இலக்கணத்திலிருந்து மனிதர்களை நீக்கி அதை ஒரு படி உயர்த்தியிருக்கிறது. அதைப் பாராட்டும் முகமாகவே இக்குறிப்பு பணிவுடன் அனுப்பப்படுகிறது.

இத்தகைய தோட்டங்களுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் அடிப்படை ஆய்வு ரோஜர் உல்ரிச்சுடையது. 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் இணை இணையாக வைத்து ஒப்பிட்டார். பாதிப் பேருக்கு சன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மேற்படி மருத்துவமனையில் வார்டு சன்னல்கள் ஜெனரேட்டர் அறையைப் பார்க்கின்றன. தோட்டத்தைப் பார்ப்பது கணக்குப் பிரிவின் சன்னல். பில் போடுகிறவர்கள் விரைந்து குணமடைவார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

இந்தத் தோட்டம் குறிவைக்கும், கட்டடங்களுக்கான பசுமைச் சான்று புள்ளிகளால் ஆனது. அமெரிக்காவில் தோன்றி இந்தியாவிலும் பரவிய 'லீட்' முறையில் மொத்தம் 110 புள்ளிகள்; 40 எடுத்தால் சான்று, 50-க்கு வெள்ளி, 60-க்குத் தங்கம், 80-க்குப் பிளாட்டினம். இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் 2001-இல் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. 'கிருகா' என்ற உள்நாட்டு முறை நட்சத்திரம் தருகிறது. லீட் மருத்துவமனை விதிகளில் இளைப்பாறும் இடத்துக்கென்றே ஒரு புள்ளி உண்டு. அந்த விதி நிழல் கேட்கிறது, இருக்கை கேட்கிறது, சக்கர நாற்காலிக்கு இடம் கேட்கிறது. புல்தரையைச் செடி வளர்த்த பரப்பாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. விதி எழுதியவர்கள் எங்கோ ஒரு மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

மேற்படி வளாகத்தில் முன்பு ஒரு புங்கமரம் நின்றது. வில்லியனூரிலிருந்தும் கரிக்கலாம்பாக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்த சனம் அதன் கீழே துண்டை விரித்துப் படுத்தது, கட்டுச்சோறு தின்றது, மாத்திரைச் சீட்டை நாலு பேரிடம் காட்டி விவரம் கேட்டது. மரம் நிர்வாகத்துக்கு முன்பே அங்கிருந்தது; அதன் நிழலை நிர்வாகத்தின் சாதனையாகக் காட்ட வழியில்லை. எனவே புள்ளி இல்லை. மரம் வெட்டப்பட்டு அங்கே கொரியன் புல் பதிக்கப்பட்டது. புல்லுக்குக் காலையும் மாலையும் போர் தண்ணீர்; பக்கத்து வயலுக்கும் அதே நிலத்தடி நீர்தான், ஆனால் நெல்லுக்குப் புள்ளி இல்லை. புல்லைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலியில் 'உள்ளே வராதீர்' என்ற பலகை, பலகைக்குப் பக்கத்தில் 'குணமளிக்கும் தோட்டம்' என்ற பித்தளைத் தகடு.

தகடு திறந்த அன்று, பிரசவ வார்டில் மருமகளைச் சேர்த்துவிட்டு வந்த ஒரு மூதாட்டி சோற்றுத் தூக்கோடு புல்லில் உட்கார்ந்துவிட்டார். காவலர் விசில் ஊதினார். மூதாட்டி எழுவதற்குள் இன்னொரு விசில். கூட்டம் பார்க்க, கையை ஊன்றி எழுந்த அவருடைய தூக்கு சாய்ந்து குழம்பு புல்லில் கொட்டியது; புல்லைக் கழுவ ஆள் வந்தது, அவரைக் கைகொடுத்துத் தூக்க ஒருவரும் வரவில்லை. இது அசிங்கம். வேறு சொல் இதற்குக் கிடையாது. எனினும் புல் கழுவப்பட்ட வேகம் போற்றத்தக்கது. தூய்மைக்குப் புள்ளி கோர நிர்வாகம் தவறக் கூடாது.

ஒப்பீட்டுக்குச் சில கட்டடங்கள். புதுச்சேரி நகரில் ஆன்டனின் ரேமண்டும் ஜார்ஜ் நாகஷிமாவும் 1930-களின் இறுதியில் கட்டத் தொடங்கிய கோல்கொண்டே விடுதி, சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைப்பலகைகளை வைத்து, இருபுறத் தோட்டத்தின் காற்றை வாங்கிக் குளிர்கிறது. அப்போது சான்றே பிறக்கவில்லை. பாவம், புள்ளி இல்லை. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் பசுமைக் கட்டடமாக வடிவமைத்து 2010-இல் திறக்கப்பட்ட சட்டமன்றம், 2014-இல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக மாறியது. உறுப்பினர்களுக்கென்று திட்டமிட்ட காற்று நோயாளிகளுக்கு வாய்த்தது. சிங்கப்பூர் யீஷூனில் 2010-இல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனை அந்நாட்டுப் பசுமைச் சான்றின் மேல் தரத்தைப் பெற்றது. அதன் கூரையில் தன்னார்வலர்கள் காய்கறி வளர்க்கிறார்கள். தோட்டத்தில் அக்கம்பக்கத்தார் வந்து உட்காருகிறார்கள். விசில் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை.

பாகூர் மண்ணுக்குப் புங்கு, வேம்பு, பூவரசு மூன்றும் ஏற்றவை. வேர் பிடித்தபின் தினசரித் தண்ணீர் கேட்காதவை. அவற்றின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுத் திண்ணை, கை கழுவ ஒரு குழாய், சக்கர நாற்காலி ஏறச் சரிவு போதும். இவை அமையாததால் உடன் வந்தவர்கள் சைக்கிள் நிறுத்தக் கொட்டகையில் உட்கார்ந்து வருகிறார்கள். ஐப்பசியில் கிழக்கிலிருந்து சாரல் அடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் ஒரு தகரம் அடித்துத் தர நிர்வாகம் ஆவன செய்யலாம். லீட் முறையில் சைக்கிள் வசதிக்குப் புள்ளி உண்டு; ஆகவே செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற சிக்கல் எழாது.