வீட்டுக்கு ஒரு ஏழரை

மேல்நாட்டார் பதின்மூன்றைக் கண்டு நடுங்குவார்கள். அங்கே பல ஹோட்டல்களில் பன்னிரண்டாம் மாடிக்கு மேலே பதினான்காம் மாடிதான். முழு எண்ணுக்குப் பயப்படுவது ஒன்றும் பெரிய சாமர்த்தியம் இல்லை. ஒரு எண்ணையும் அதன் மேல் ஒரு அரையையும் வைத்து ஊரையே கலங்க அடிக்க நம்மால்தான் முடியும்.

கணக்கு இதுதான். சனி ஒரு முழுச் சுற்று வர ஏறத்தாழ 29½ வருஷம். பன்னிரண்டு ராசிக்கும் பங்கு போட்டால் ராசிக்கு இரண்டரை. நம் ராசிக்கு முந்தின வீடு, நம் வீடு, அடுத்த வீடு என மூன்றிலும் அவர் தங்குவது ஏழரை. முதலில் விரயச் சனி, அப்புறம் ஜென்மச் சனி, கிளம்பும்போது பாதச் சனி. ஆயுளில் முதல் முறை வந்தால் மங்கு சனி, இரண்டாம் முறை பொங்கு சனி. மூன்றாவதன் பெயரைப் பெரியவர்கள் காதில் விழும்படி யாரும் சொல்வதில்லை.

எந்த நேரத்திலும் மூன்று ராசிக்கு ஏழரை நடக்கிறது. அதாவது நாலில் ஒரு ஆளுக்கு. ராசிகள் சரிசமமாகக் கலந்திருந்தால், நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்காவது ஏழரை இருக்க நூற்றுக்கு 68 வாய்ப்பு. அர்த்தாஷ்டமச் சனி, கண்டகச் சனி, அஷ்டமச் சனி ஆகியோரையும் சேர்த்தால் பன்னிரண்டில் ஆறு ராசி மாட்டிக்கொள்ளும். வீட்டில் ஒருவராவது சிக்குவதற்கு 94. ஆக, பால் பொங்கி வழிந்தாலும் பையன் கணக்கில் கோட்டைவிட்டாலும் பழி போட வெளியூர் போகவேண்டியதில்லை. எங்கள் அத்தை எதையும் விசாரிக்கும் முன் கேட்கும் முதல் கேள்வி: “இப்ப யாருக்குடா நடக்குது?”

சிக்கல் பஞ்சாங்கத்தில் வந்தது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போய்விட்டார். வாக்கியப் பஞ்சாங்கப்படி நகரவே இல்லை. 2026 மார்ச்சில்தான் பெயர்ச்சி. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தின் பக்கம். எங்கள் சித்தப்பா மகர ராசி. ஏழரை முடியவேண்டிய ஆள். அதுவரை எந்தப் பஞ்சாங்கத்தையும் புரட்டாதவர், அன்று காலை முதல் திருக்கணிதத்தின் பரம ரசிகர் ஆனார். “நாசாக்காரனே இந்தக் கணக்கைத்தான் ஒத்துக்கிறான்.” அவர் மைத்துனர் மேஷம். அவருக்கு ஆரம்பிக்க வேண்டும். “முன்னோர் சொன்ன வாக்கியம் பொய்யாகுமா மாமா?” என்று பக்தியில் உருகினார். இப்படி ஒருவர் போகச் சொல்லியும் இன்னொருவர் வரவிடாமலும், அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டு வாசலிலேயே சனி பகவான் நின்றுகொண்டிருந்தார்.

ஆவணியில் சித்தப்பா கொடுத்த கைமாற்று திரும்பவில்லை. மறுநாளே வாக்கியத்துக்கு மாறிவிட்டார். ஏமாந்தது தன் தப்பல்ல, பாதச் சனியின் வேலை என்று சொல்லிக்கொள்ள அந்தப் பஞ்சாங்கம்தான் வசதி.

சாமிகளே படாதபாடு பட்டிருக்கிறார்கள். நாளைக்கு வா என்று முதுகில் எழுதி வைத்துக்கொண்டு தப்பித்தவர் பிள்ளையார். வரும் சனி தினமும் அதையே படித்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். எங்கள் சித்தப்பா கடன்காரர்களிடம் கையாளும் முறையும் இதுவே. அனுமார் தன் தலையில் ஏறியவர் மேல் பாலம் கட்டும் பாறையை அடுக்கினாராம். சனியே கீழே இறங்கக் கெஞ்சினார். சிவபெருமானுக்கு மட்டும் சலுகை, ஏழரை நாழிகை. நாழிகைக்கு 24 நிமிஷம் என்றால் சரியாக மூன்று மணி நேரம், ஒரு பழைய தமிழ்ப்படத்தின் நீளம். அந்த நேரம் ஒளிந்திருந்துவிட்டு, “பார்த்தாயா, உன்னால் பிடிக்க முடியவில்லை” என்று அவர் சிரிக்க, “ஒளிய வைத்ததே நான்தானே” என்றாராம் சனி. இந்த வாதத்துக்கு எதிர்வாதம் எந்தக் கோர்ட்டிலும் கிடையாது.

நளன் கதை இன்னும் மோசம். காலைச் சரியாகக் கழுவவில்லை, அவ்வளவுதான் குற்றம். நாடு போனது, மனைவியைக் காட்டில் விட்டான், பாம்பு கடித்தது, உருவம் மாறியது. புகழேந்தியின் நளவெண்பாவில் அவனைப் பிடிப்பது கலி. திருநள்ளாற்றுத் தலபுராணத்தில் சனி. கேஸ் கைமாறியது நளனுக்குத் தெரியுமோ என்னவோ. அங்கே தர்ப்பாரண்யேஸ்வரரை வணங்கித்தான் மீண்டான் என்பதால், இன்றும் நள தீர்த்தத்தில் முழுக்குப் போடக் கூட்டம் அலைமோதுகிறது. ஊர் இருப்பது காரைக்கால் பக்கம், புதுச்சேரி ஆட்சியில். முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பும் வேனில் சில பைகள் மட்டும் போனதைவிடக் கனமாக, கலகலவென்று சத்தமிட்டு வருவதை நானே கேட்டிருக்கிறேன். விலகிய சனி செக்போஸ்டில் காத்திருக்கும்.

இவ்வளவு பேரைப் பிடித்தவரை யாருமே பிடித்ததில்லையா என்று அத்தைக்கு ஒரு நாள் சந்தேகம். பிடித்திருக்கிறார்கள் என்றேன். காசினி என்று ஒரு விண்கலம். 1997இல் கிளம்பி, 2004இல் போய்ச் சேர்ந்து, பதின்மூன்று வருஷம் சனியையே விடாமல் சுற்றி, வளையம் வளையமாகப் படம் எடுத்தது. ஏழரையைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2017 செப்டம்பரில் எரிபொருள் தீரும் நிலையில், விஞ்ஞானிகளே அதைச் சனிக்குள் விழச் செய்தார்கள், எரிந்து போனது.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஐயோ பாவம், அந்த ராக்கெட்டு என்ன ராசிடா?”