ராகம் பிடிபடும் வரை: கச்சேரி ரசிகரின் எண்வகை மெய்ப்பாடுகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வின் நோக்கம்

ராகங்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள் நிறையப் பேர். பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் 72 மேளங்களுக்குக் கணக்குப் போட்டு, தம் காலத்தில் வழக்கில் இருந்தவை 19 என்றும் எழுதி வைத்தார். சென்னையில் 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றிய பிறகு, டிசம்பர் காலை வேளைகளில் வித்வான்கள் கூடி, இந்த ராகத்தில் இந்தத் தைவதம் வரலாமா என்று காப்பி ஆறும்வரை விவாதித்திருக்கிறார்கள். ஆனால் அதே ராகத்தை மாலையில் கீழே உட்கார்ந்து கேட்கிறவர், அதன் பெயர் பிடிபடும்வரை படுகிற பாட்டைப் பற்றி அறிஞர் எவரும் கவலைப்பட்டதில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடகர் ஆலாபனையைத் தொடங்கும் கணத்துக்கும், இது இன்ன ராகம் என்று ரசிகர் மனத்தில் முத்திரை விழும் கணத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியே நம் ஆய்வுப் பொருள். இதை இனி ‘தேடுகாலம்’ என்று குறிப்போம். சிலருக்கு அது ஒரு மூச்சு நேரம். சிலருக்குப் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும் வரை நீளும். வீடு திரும்பும் ஆட்டோவில் முடிவதும் உண்டு.

2. ஆய்வுக் களங்கள்

முதற் களம் சென்னை, காலம் மார்கழி. குறிப்பாக மதியக் கச்சேரி. டிக்கெட் இல்லை. மேடையில் இருப்பவர் இளையவர், கீழே இருப்பவர் ஓய்வு பெற்றவர். மாலைக் கச்சேரியில் காசு கொடுத்து வந்தவர் பாடகரைக் கேட்கிறார். மதியத்தில் சும்மா வந்தவர் பாடகரைச் சோதிக்கிறார். ஆகவே தேடுகாலத்தின் மெய்ப்பாடுகள் மதியத்தில்தான் கலப்படமில்லாமல் கிடைக்கின்றன.

இரண்டாம் களம் கோடைக்குரியது: பெங்களூரு சாம்ராஜ்பேட்டையின் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானம். 1939-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீராமசேவா மண்டலி ராமநவமியை ஒட்டி ஏறக்குறைய ஒரு மாதம் நடத்தும் இசை விழா இங்கேதான் பந்தல் போட்டு நடந்து வந்திருக்கிறது. சென்னை மண்டபங்களில் இல்லாத இடையூறுகள் பந்தலில் உண்டு. பக்கத்துச் சாலையில் பஸ் ஹாரன் அடிக்கும். சில நாள் சாயங்காலம் இடி இடித்து ஒரு மழையும் கொட்டும். ஹாரன் ஓசை எந்த ஸ்வரத்தில் விழுகிறது என்று கவனிக்கும் ரசிகரும் அங்கே இருக்கிறார். ஆலாபனை தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து “இது யாவ ராக?” என்று ஒரு குரல் கிசுகிசுக்கும். இந்நோய்க்கு மாநில எல்லை கிடையாது என்பது இதனால் தெளிவு.

3. ரசிகர் வகைப்பாடு

தேடும் முறையை வைத்து ரசிகர்களை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாமவர் முந்திரியர். பாடகர் தொண்டையைக் கனைத்ததும் ராகத்தைச் சொல்லிவிடுவார். கல்யாணி, தோடி, காம்போதி, பைரவி, சங்கராபரணம் ஆகியவற்றில் ஒன்றைச் சொன்னால் பிரதான ராகம் அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்பது இவருடைய அனுபவ ஞானம்.

இரண்டாமவர் பாட்டுவழியர். ராகத்தின் பெயர் இவருக்கு நேராக வராது; தெரிந்த பாட்டு ஒன்று முதலில் வர வேண்டும். உதட்டை அசைத்துக்கொண்டே ஒவ்வொரு கீர்த்தனையாகப் பொருத்திப் பார்ப்பார். இவ்வகையில் சினிமாவழியர் என்றொரு கிளை உண்டு. ரீதிகௌளை வந்தால் தாத்தாவுக்கு 1977-இல் வந்த ‘கவிக்குயில்’ படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது நினைவுக்கு வரும்; பேத்திக்கு 2008-இன் ‘சுப்ரமணியபுரம்’. இருவரும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்து, அவரவர் பாட்டுத்தான் உசத்தி என்று வீடு வரை சண்டை போடுவார்கள்.

மூன்றாமவர் ஸ்வரவழியர். “சதுஸ்ருதி ரிஷபம்… சாதாரண காந்தாரம்…” என்று விரல் விட்டு எண்ணுவார். கடபயாதி முறை இவருக்குத் தலைகீழ்ப் பாடம்: மாயாமாளவகௌளை என்றால் 15, மேசகல்யாணி என்றால் 65 என்று கண் இமைக்குமுன் சொல்வார். பெயர் தெரிந்தால் எண் சொல்ல அம்முறை உதவும். பெயரே தெரியாதபோது அதனால் பயனில்லை என்பது மட்டுமே இதிலுள்ள சிக்கல்.

நான்காமவர் கைப்பேசியர். மடியில் திரையைத் தாழ்த்திப் பிடித்துத் தேடுவார். அந்த வெளிச்சம் முகத்தில் அடிப்பதால் இவரை இருட்டிலும் அடையாளம் காணலாம்.

ஐந்தாமவர் மௌனியர். கண்ணை மூடியிருப்பார். ராகம் தெரிந்து லயித்திருக்கிறாரா, தெரியாமல் யோசிக்கிறாரா, மதியச் சாப்பாட்டுக்குப் பின் வந்த தூக்கமா என்பதை வெளியிலிருந்து உறுதி செய்ய வழியில்லை. மிகுந்த மரியாதைக்குரியவர் இவரே.

4. மெய்ப்பாடுகள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடுகள் எட்டு என்றும், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்றும் வகுத்தார். அவர் சபாவுக்குப் போனவரில்லை என்று யாரேனும் சொன்னால், அந்த முப்பத்திரண்டையும் படித்துவிட்டுச் சொல்லட்டும். தேடுகாலத்தில் அவை தோன்றும் வரிசை இது.

மருட்கை: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கில் இங்கே வேலை செய்வது சிறுமை. பாடகர் ஷட்ஜத்தில் நின்று, ஒரு காந்தாரத்தை லேசாக அசைத்துவிட்டு நிறுத்துகிறார். அவ்வளவுதான். ரசிகரின் முதுகு நாற்காலியை விட்டுப் பிரிகிறது. கையிலிருந்த நிகழ்ச்சிநிரல் மடங்குகிறது.

அச்சம்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவற்றால் வருவது. மண்டபத்தில் விலங்கு இல்லை. பந்தலில் கொசு உண்டு. கள்வர் என்பவர் பக்கத்து இருக்கைக்காரர். நமக்கு முன் பெயரைச் சொல்லிப் பறித்துவிடுவார். இறை என்பவர் சிறு வயதில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அணங்கு என்பது கிரஹபேதம். மோகனம் என்று நிம்மதியாக இருக்கும்போது பாடகர் அதன் ரிஷபத்தையே ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் மத்தியமாவதி எழும். காந்தாரத்தை வைத்துக்கொண்டால் ஹிந்தோளம் எழும். ஸ்வரத்தானங்கள் அதே ஐந்துதான், ஆள் வேறு. ரசிகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். காதில் நடந்ததற்குக் கண்ணாடியை ஏன் துடைக்கிறார் என்பது தனி ஆய்வுக்குரியது.

பெருமிதம்: கல்வி, தறுகண், புகழ், கொடை. இந்த நான்கும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வெளிப்படுவதை நேரில் காணலாம்.

“என்ன ராகம் சார்?”

“ஆபோகி.”

“ஸ்ரீரஞ்சனியோன்னு பார்த்தேன்…”

“நோ நோ. நிஷாதமே இல்லையே! கவனிச்சுக் கேளுங்கோ.”

தெரிந்திருப்பது கல்வி. சந்தேகமின்றிச் சொல்வது தறுகண். முன்வரிசைக்கும் கேட்கும்படி சொல்வது புகழ். கேட்டவருக்கு இல்லையென்னாமல் தருவது கொடை.

இளிவரல்: இவ்விடத்தில் இரு ராகங்களின் இலக்கணத்தை அறிவது நலம். ஆபோகிக்கும் ஸ்ரீரஞ்சனிக்கும் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்தியமம், தைவதம் எல்லாம் பொது. ஸ்ரீரஞ்சனிக்கு நிஷாதம் உண்டு, ஆபோகிக்கு இல்லை. குறும்புக்காரப் பாடகர் அந்த நிஷாதத்தைத் தொடாமலே கொஞ்ச நேரம் சுற்றி வரலாம். பிறகு மேலே ஏறும்போது தைவதத்துக்கும் ஷட்ஜத்துக்கும் இடையில் அதை ஒரு தொடு தொடுவார். பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதுதான் தாங்க முடியாதது. இளிவரலுக்கு நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. “வயசாச்சு, காது முன்ன மாதிரி இல்லை” என்பது மூப்பு. “மைக் செட் சரியில்லை” என்பது பிணி, நோய் மைக்குக்கு.

நகை: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பின்வரிசையில் பாட்டு கற்கும் கல்லூரி மாணவி துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்கிறாள். எள்ளலும் இளமையும் அவள் பங்கு. மற்ற இரண்டும் முன்னால் இருப்பவர் வழங்கியவை.

வெகுளி: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. ஆலாபனையின் நடுவே யாருடைய கைப்பேசியோ மணியடிப்பது அலை. நேரமில்லை என்று ஆலாபனையைப் பாதியில் வெட்டுவது உறுப்பறை. மேடையிலிருந்து பாடகரே, “அடுத்து வருவது ஷண்முகப்ரியா” என்று முன்கூட்டி அறிவித்துவிடுவது கொலை. புதியவர்களுக்கு உதவும் நல்லெண்ணத்தில்தான் அறிவிக்கிறார்கள். ஆனால் தேடிக் கண்டுபிடிக்க வந்தவரிடமிருந்து தேடலைப் பறித்தால் அவர் எதற்கு வந்தார்?

அழுகை: இதன் நிலைக்களன்களில் இழவும் வறுமையும் இங்கே முக்கியம். கான்டீனில் அடைக்கு வரிசையில் நின்று திரும்பும்போது ஆலாபனை முடிந்து சரணம் ஓடிக்கொண்டிருந்தால் அது இழவு. ராகம் நன்றாகத் தெரியும், அதில் நாலு பாட்டும் தெரியும், பெயர் மட்டும் நாக்கு நுனியில் நின்று இறங்க மறுக்கிறது என்றால் அது வறுமை. தர்பாரா நாயகியா, ஆரபியா தேவகாந்தாரியா என்று நின்றவர்களுக்கு இவ்வறுமையின் கொடுமை தெரியும். பின்னிரண்டுக்கும் ஏறுவதும் இறங்குவதும் ஒரே ஸ்வரங்களில்தான். ஆரபி நடந்துபோகிற இடத்தில் தேவகாந்தாரி நின்று குழைந்துபோகும். விரல் விட்டு எண்ணும் ஸ்வரவழியர் அங்கே எண்ணிக்கொண்டே இருக்கலாம்.

உவகை: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. பல்லவியின் முதற்சொல் விழுகிறது, நினைத்த ராகம்தான். வயலின்காரர் அதை வாங்கி வாசிக்கும்போது, எங்கோ நாலு நாற்காலி தள்ளி, முன்பின் அறியாத ஒருவரும் இதே நேரத்தில் தலையாட்டுவது தெரிகிறது. இருவர் பார்வையும் சந்திக்கின்றன. புணர்வு என்பதற்கு உரையாசிரியர்கள் வேறு பொருள் சொல்வார்கள். சபாவில் இதுவே பொருள்.

5. கட்டுப்பாட்டுக் குழு

எந்த ஆய்வுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு வேண்டும். திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடுவர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகங்களும் வரிசையும் முன்பே நிச்சயம். அங்கே யாரும் யாரையும் “என்ன ராகம்?” என்று கேட்பதில்லை. காவிரிக் கரையில் பிறப்பது சேர்ந்து பாடும் உவகை ஒன்றுதான். மற்ற ஏழுக்கும் வேலையில்லை. ஆகவே எண்வகையும் பிறப்பதற்குப் பெயர் தெரியாமல் இருப்பது இன்றியமையாதது என்பது நிரூபணமாயிற்று.

6. ஆய்வு முடிவு

இனி ஒரு பழைய கேள்விக்கு விடை காணலாம். அதே வித்வான் பாடியது கேசட்டிலும் குறுந்தகட்டிலும் வந்தது; இப்போது கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. பிறகு ஏன் ஒருவர் மயிலாப்பூர் நெரிசலில் வண்டி நிறுத்த இடம் தேடி, முழங்கால் வலியோடு படியேறி வர வேண்டும்? ஒலியின் தரம், சூழல், கான்டீன் என்று பல காரணங்கள் சொல்வார்கள். நம் ஆய்வு காட்டும் காரணம் எளியது. பதிவில் ராகத்தின் பெயர் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. காது திறக்கும் முன்பே கண் விடையைப் படித்துவிடுகிறது. நேர்க் கச்சேரியில் அட்டை கிடையாது.

தேடுகாலத்திலும் அதற்குப் பின்னும் ரசிகரின் உடலை ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் தெரியாத வரை அவர் இருமுவதில்லை, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கமகத்தையும் துருவிக் கேட்கிறார். பெயர் கிடைத்ததும் சாய்ந்து உட்கார்ந்து, “ரவா தோசை இன்னும் இருக்குமோ?” என்று விசாரிக்கிறார். பெயர் கிடைப்பது கேட்பதற்கு வெகுமதி என்று நாம் நினைத்திருந்தோம். உண்மையில் அது கேட்பதிலிருந்து கிடைக்கும் விடுமுறை.

அப்படியானால் முதல் பிடியிலேயே ராகம் தெரிந்துவிடும் ஞானஸ்தர்கள் சீக்கிரமே விடுமுறையில் போய்விடுகிறார்களா என்று தடை எழுப்பலாம். இல்லை. ராகம் தெரிந்தால் அவர்களுக்கு அடுத்த கேள்வி பிறக்கிறது: இதில் எந்தப் பாட்டு? பாட்டு தெரிந்தால், நிரவலுக்கு எந்த அடி? பல்லவி பாடினால், ராகமாலிகை ஸ்வரத்தில் முதல் ராகத்துக்கு அடுத்தது எது? ஞானம் என்பது விடைகளின் சேமிப்பு என்று கருதுவது பிழை. தெரியாத ஒன்றைக் கச்சேரி முடியும்வரை கையில் வைத்திருக்கும் சாமர்த்தியமே ஞானம். கேள்வி தீர்ந்துபோனவருக்கு மட்டும்தான் தனி ஆவர்த்தனம் இடைவேளையாகத் தெரிகிறது.

7. பரிந்துரைகள்

ஒன்று: பாடகர்கள் ராகத்தின் பெயரைப் பாட்டுக்குப் பின் அறிவிக்கலாம், முன்னால் வேண்டாம்.

இரண்டு: கைப்பேசியர்களுக்குத் தனி வரிசை ஒதுக்கலாம், கடைசி வரிசை உகந்தது, வெளிச்சம் யார் மேலும் விழாது.

மூன்று: மௌனியரை எழுப்பி ராகம் கேட்கக் கூடாது. இரு தரப்புக்கும் அதுவே கௌரவம்.

நான்கு: பக்கத்தில் இருப்பவர் “என்ன ராகம் சார்?” என்று கேட்டால், தெரிந்திருந்தாலும், உறுதியாகவே தெரிந்திருந்தாலும், பாட்டு முடியும்வரை “கேளுங்கோ” என்று மட்டும் சொல்ல வேண்டும். பெருமிதத்தின் நான்காம் நிலைக்களனாகிய கொடை என்பதற்கு இதுவே சரியான உரை என்பது ஆய்வாளர் துணிபு. பக்கத்து இருக்கைக்காரர் இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லக்கூடும். சொல்லட்டும், அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.