கால் இல்லாதவன் நடந்து போனானாம்!

துரியோதனனின் தொடையில் கதையை இறக்கியதற்கே பலராமன் பீமன்மேல் கலப்பையைத் தூக்கினான். கணுக்காலில் வெட்டியவர்கள்மேல் யார் தூக்குவது?

கம்போடியாவின் கோ கெர் காட்டில், பிரசாத் சென் கோயிலில், பீமனோடு பொரப் பாயும் கோலத்தில் ஆயிரம் ஆண்டு நின்றவன் மணற்கல் துரியோதனன். உள்நாட்டுப் போரின் குழப்பத்தில் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பாதங்கள் மட்டும் பீடத்திலேயே தங்கிவிட்டன. தலைநகர் நாம் பென் வீழ்ந்த அதே 1975-இல் மேல்பாகம் லண்டனில் விலைபோனது.

2011 மார்ச்சில் நியூயார்க்கில் சாதபீஸ் ஏல நிறுவனம் அவனை ஏலத்துக்கு வைத்தது. மதிப்பு 20 முதல் 30 லட்சம் டாலர். பின்னர் வந்த அமெரிக்க அரசின் வழக்கு மனுவில் ஒரு ருசியான மின்னஞ்சல் கதை வருகிறது. சாதபீஸ் ஆலோசனை கேட்ட அறிஞர் முதலில் எழுதினார்: பாதங்கள் கோயிலிலேயே இருக்கின்றன, திருடியதுதான், பொது ஏலம் வேண்டாம். பிறகு அவரே எழுதினார்: கம்போடியா திருப்பிக் கேட்கிற மாதிரி தெரியவில்லை, தாராளமாக விற்கலாம். இடையில் சிலைக்குக் கால் முளைக்கவில்லை. கேட்க நாதியில்லை என்பது மட்டும் உறுதியானது. கலைச் சந்தையின் அறம் முழுவதும் இந்த இரண்டு கடிதங்களுக்கு நடுவில் அடங்கிவிட்டது!

ஆனால் கம்போடியா கேட்டுவிட்டது. ஏலம் நின்றது, வழக்கு வந்தது. உடனே சாதபீஸ் தரப்பில் ஒரு வாதம்: ஆயிரம் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் சிலை போயிருக்கலாமே? போயிருக்கலாம் ஐயா, காலார நடந்து!

பழைய பைக்கை விற்கப் போனால் ஆர்.சி. புக் கேட்கிறான் தரகன். போர் நடந்த மண்ணிலிருந்து வந்த சிலைக்கோ, 'தனியார் சேகரிப்பு' என்று அச்சடித்தால் போதும். ஊரை விட்டு வெளியேறிய நாளையும் ஏற்றுமதி அனுமதியையும் விற்பவன் காட்டட்டும். காட்டாத பொருள் ஏல மேடை ஏறக்கூடாது. இதைச் சொன்னால் கலை ரசனை செத்துவிடும் என்று பதறுகிறார்கள். ரசனையாம்!

2013-இல் சமரசம். தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், வழக்கைத் தொடரும் சுமையைத் தவிர்க்கவே தருகிறோம் என்று கொடுத்தார்கள். மறு ஆண்டு துரியோதனன் ஊர் திரும்பினான்.

சிலை திரும்பிவிட்டது, சிலை வணிகர்கள்? கம்போடியாவின் கெமர் சிலை வணிகத்தில் பெரிய கையான டக்ளஸ் லாட்ச்போர்டுக்கு 2008-இல் கம்போடிய அரசே விருது சூட்டியிருந்தது. 2019-இல் அதே வணிகத்துக்காக அமெரிக்கா அவர்மேல் குற்றம் சாட்டியது. மறு ஆண்டு, 88 வயதில், ஒருநாள்கூடக் கம்பி எண்ணாமல் அவர் போய்ச் சேர்ந்தார். வழக்கையும் மூடிவிட்டார்கள்.