காதுக்குள்ள கை உட்டுப் பாத்தியா கண்ணு?

வா கண்ணு, உக்காரு. உன்ற பண்ணையைப் பாத்துட்டுத்தான் வாரேன். அடேங்கப்பா! மாட்டுக்கு ஃபேனு, மேல தண்ணி தெளிக்கற குழாயி, கழுத்துல ஒரு பட்டை. மாடு எத்தனை தடவை அசை போடுதுன்னு அந்தப் பட்டை உன்ற போனுக்குச் சேதி சொல்லுதாமா? நல்ல சோலிதான். அதே பட்டைக்கு அடியில கொத்தா உண்ணி தொங்குதே, அதைச் சொல்லுச்சா?

சொல்லாது. அதுக்குக் கை வேணும். காதுக்குள்ள, தாடைக்கடியில, மடிச் சந்துல, வாலைத் தூக்கி அடியில தடவிப் பாக்கோணும். உனக்குத்தான் சாணி பட்டா ஆகாதே. எட்ட நின்னு போட்டோ புடிக்கற ஆளு நீயி.

உண்ணி என்ன பெரிய சாமானாங்கறியா? மாட்டு மேல ஏறறப்பக் கண்ணுக்கே தெரியாத பொடிசு. குடிச்சு முடிச்சு எறங்கறப்பக் கொட்டமுத்தாட்டம் உப்பியிருக்கும். நம்மூரு மாட்டுண்ணி மாட்டு மேல தங்கறது மூணு வாரந்தான். அப்பறம் தொப்புன்னு வுழுந்து, மண்ணுலயோ குப்பையிலயோ பூந்து, 2000, 3000 முட்டை வெச்சுட்டுச் செத்துப் போகும். இன்னொரு வகை இருக்குது, அது சுவத்து வெடிப்புல போயி ஒளிஞ்சுக்கும். நீ மாட்டைத்தான் தேச்சுத் தேச்சுக் குளிப்பாட்டறே. சுவத்தை என்னைக்காவது பாத்திருக்கறியா? மாட்டு மேல இருக்கறது கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் உன்ற கட்டுத்தாரையில வாடகை குடுக்காமக் குடியிருக்குது.

ரத்தந்தானே, குடிச்சுட்டுப் போகட்டும்னு உடலாமா? அது சும்மா குடிக்கறதில்லையே. குடிக்கறப்பவே எச்சியோட சீக்கை உள்ள உட்டுட்டுப் போகுது. தைலேரியான்னு ஒண்ணு. காய்ச்சல் 106 வரைக்கும் ஏறும், காதுக்குக் கீழயும் முன்சப்பைக்கு முன்னாலயும் நெறி கட்டும், மாடு வெளுத்துப் போகும். பெபீசியான்னு இன்னொண்ணு. மூத்தரம் காப்பி நெறத்துல போகும். இதெல்லாம் மொதல்ல சாய்க்கறது உன்ற சீமைக் கலப்பு மாட்டைத்தான். குளுரு தேசத்துல பொறந்த பரம்பரை, நம்ம உண்ணிக்குப் பழகுனதில்லை. 20 லிட்டரு கறக்குமான்னு கேட்டுக் கேட்டுப் புடிச்சியே, இந்தத் தோலு எதைத் தாங்கும்னு ஒரு வார்த்தை கேட்டியா?

உன்ற கூட்டாளி ஒருத்தன் திரியறானே, காங்கயம் காளை படம் போட்ட பனியனோட? "நாட்டு மாட்டுக்கு உண்ணியே ஏறாதுங்க தாத்தா"ங்கறான். ஏறும்டா. கொறைச்சலா ஏறும். தோலைச் சிலுப்பும், நக்கித் தள்ளும், கன்னுலயே லேசாச் சீக்கு வாங்கித் தேறிக்கும். அதுக்காக ஏறவே ஏறாதா? பனியன்ல நிக்கற காளைக்கு வேணா ஏறாது.

படிச்சவன் சொன்னாத்தான் நம்புவேம்பே. சரி, கேளு. அமெரிக்காவுல டெக்சாசுப் பக்கத்து மாட்டை வடக்க ஓட்டிக்கிட்டுப் போனா, போற வழியில இருக்கற மாடெல்லாம் காய்ச்சல்ல செத்துச்சு. ஓட்டிக்கிட்டு வந்த மாடு மட்டும் ஜம்முன்னு நிக்குது. உண்ணிதான் காரணம்னு மாடு வளக்கறவங்க சொன்னாங்க. பெரிய படிப்பாளிக காதுல போட்டுக்கலை. தியோபால்டு ஸ்மித்துன்னு ஒரு மனுசன் காது குடுத்தாரு. கில்போர்னுங்கற மாட்டு டாக்டரோட சேந்து சோதிச்சுப் பாத்து, 1893-ல ஆமா, உண்ணிதான்னு எழுதி வெச்சாரு. கொசுவுக்குள்ள மலேரியாவை ரொனால்டு ராஸ் பாத்தது 1897-ல. கொசுவுக்கு முந்தியே உண்ணி மாட்டிக்கிச்சு. பொறவு 1906-ல ஆரம்பிச்சு 1943 வரைக்கும், மருந்துத் தொட்டியில மாட்டை முக்கி முக்கி எடுத்துத்தான் அந்த உண்ணியை ஒழிச்சாங்க. 37 வருசம்! நீ ஒருக்காத் தெளிச்சுட்டு, "மருந்து வேலை செய்யலைங்க"ன்னு கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போறே.

தெளிக்கறதாவது ஒழுங்காத் தெளிக்கறியா? சீட்டுல லிட்டருக்கு 2 மில்லின்னு போட்டிருந்தா, நீ சிக்கனம் புடிச்சு 1 மில்லி உடறே. உன்ற பங்காளி வீரம் பேசி 5 மில்லி உடறான். கொறைச்சு உட்டா உண்ணிக்கு மருந்து பழகிப்போகும். கூட்டி உட்டா மாட்டுக்கு விசம். சுவத்து வெடிப்புக்குத் தெளிச்சியா? ரெண்டு, மூணு வாரங்கழிச்சுப் பொரிச்சு வர்ற குஞ்சுக்கு மறுக்காத் தெளிச்சியா? பாலை எத்தனை நாளைக்கு விக்கக் கூடாதுன்னும் அதே சீட்டுலதான் போட்டிருக்குது. அந்த வரிக்கு மட்டும் உனக்குக் கண்ணு மங்கிப்போகுமே.

பூண்டு, வசம்பு, மஞ்சள், வேப்பந்தழை, துளசி, உண்ணிச்செடித் தழை அரைச்சுப் பூசறது நல்ல வழிதான். நானே பூசறேன். ஆனாக் காய்ச்சல்ல படுத்த மாட்டுக்கு அதைப் பூசிக்கிட்டு வீடியோ எடுக்கக் கூடாது. சீக்கு உள்ள போயாச்சு, வெளிய பூசி என்ன பண்ண? கோழியைக் கட்டுத்தாரையில மேய உடு. உண்ணியைக் கொத்தித் திங்கும், கூலி கேக்காது. உண்ணிக்கொக்கைத் தொரத்தாதே. காரு மேல எச்சம் போடுதுன்னு கல்லை எடுத்தியே, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

மச்சு மேல ஏசியில ஒரு நாயி படுத்திருக்குதே, பனி நாட்டு நாயி. அதும்பட உண்ணிக்குக் காடே வேண்டாம். சுவத்துல ஏறி, சன்னல் சந்துல முட்டை வெச்சு, உன்ற வூட்டுக்குள்ளயே தலைமுறை தலைமுறையாக் குடும்பம் நடத்தும். நாய்க்கு மூக்குல ரத்தம் வந்தாச் சூடுன்னு இளநியைக் குடுத்துட்டு இருக்காதே, எர்லிச்சியாங்கற உண்ணிச் சீக்கா இருக்கலாம். உண்ணியைப் புடுங்கறப்பச் சிகரெட்டால சுடாதே, மண்ணெண்ணெய் ஊத்தாதே, நகத்துல வெச்சு நசுக்காதே. தோலோட ஒட்டி இடுக்கியால புடிச்சு நேரா இழு. நாய் மருந்துல மிச்சம் இருக்குதுன்னு பூனைக்குத் தடவிராதே, சில மருந்து பூனையைக் கொன்னுரும்.

ஞாயித்துக்கெழமையானா அரை டவுசரோட மலைக்காட்டுக்குப் போறியே, அங்கயும் அவுங்கதான். 1957-ல கர்நாடகத்துல சிவமொக்காப் பக்கம் கியாசனூர்க் காட்டுல கொரங்கு கொத்துக் கொத்தாச் செத்துச்சு. பின்னாலயே சனத்துக்கும் காய்ச்சல் வந்துச்சு. உண்ணி கொண்டாந்த வைரசு. நீலகிரிப் பக்கத்துக் கொரங்குகள்லயும் பின்னால கண்டிருக்கறாங்க. மழை முடிஞ்சு காஞ்ச மாசத்துலதான் அதும்பட ஆட்டம். காலை மூடிக்கிட்டுப் போ. செத்த கொரங்கைக் கண்டாக் கிட்டப் போகாம, வனத்துறைக்குச் சொல்லு.

மாடு ஒரு நேரம் தீவனம் எடுக்கலைன்னா மத்தியானம் வரைக்கும் பாக்கலாம்னு உக்காராதே. காது நரம்புல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில தேச்சுப் பாத்தா டாக்டரு சொல்லிருவாரு. நடக்க முடியாத மாடுன்னா 1962-க்குக் கூப்பிடு, வண்டி வரும். உன்ற போன்ல மாட்டுக்கு நாலு ஆப்பு வெச்சிருக்கறே, அந்த நம்பரு மட்டும் இல்லை. இப்பவே போட்டுக்கோ, நான் சொல்றேன்: ஒண்ணு, ஒம்போது, ஆறு, ரெண்டு.