பேராண்டியின் காலண்டரும் ஊர்ப் பஞ்சாயத்தும்

பேராண்டி, நீ கோலாலம்பூர்ல பெரிய ஆப்பீசர். வீட்டுக் காலண்டரையும் ஆப்பீஸ் காலண்டரையும் ஒண்ணா ஒட்டிவச்சுட்டியாமே. கெட்டிக்காரன்டா! "சனிக்கிழமை ஈப்போ, பொண்ணு பாக்கணும்"னு நீ எழுதுனது உன் மேனேஜருக்கும் தெரிஞ்சிருக்கு. அது பரவால்ல, கல்யாணத்துக்கு மொய் வைப்பாரு. "வியாழன் பத்து மணி, வேற கம்பெனி இண்டர்வியூ"ன்னு எழுதுனதும் தெரிஞ்சிருக்கு பாரு, அதுக்குத்தான் உனக்கு மாலை போடணும்.

இங்க பிரிஞ்சாங் பக்கத்து எஸ்டேட்டுல அந்தக் காலத்துல விடியக்காலையில பெரட்டு எடுப்பாங்க. வந்தவன் யாரு, வராதவன் யாருன்னு கிராணி செக்ரோல்ல குறிச்சுக்குவாரு. வராதவன் மாமியாரோட மல்லுக்கு நின்னானா, மூலத்துக்கு மருந்து வாங்கத் தானா ராத்தா போனானா, அதை எழுத அதுல கட்டமே கிடையாது. தொரைக்கு வேண்டியது ஆள் கணக்கு. கதையை லயம் லயமாப் பரப்புனது நாமதான். உன் ஆப்பீசுக்கும் அந்தக் கணக்கு போதும்: இந்த நேரத்துல நீ இருக்கியா, இல்லையா.

இந்தக் கிழவனுக்குக் காலண்டர் வித்தையெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. மழை விடாத ஊரு, வீட்டுல வைஃபை இருக்கு, எனக்கு வேலை இல்ல.

கூகுள் காலண்டரைப் பகிரும்போது, நேரம் மட்டும் தெரியட்டும், விவரம் மறையட்டும்னு வைக்க வழி இருக்கு. ஒவ்வொரு சோலிக்கும் தனியா 'பிரைவேட்'னும் போடலாம். பாக்குறவனுக்கு 'பிஸி'ன்னு மட்டும் தெரியும். ஆனா காலண்டரைத் திருத்துற அனுமதியை ஒருத்தருக்குக் குடுத்துட்டு அந்தப் பிரைவேட்டை நம்பினா, நீ என் பேரன்னு வெளியில சொல்லிக்காத. திருத்துற கைக்கு எல்லாம் தெரியும்.

அவுட்லுக்குல 'பிரைவேட்'னு போட்டா வர்ற பூட்டுப் படத்தைப் பாத்தும் மயங்கிடாத. அதை நம்பி ரகசியம் வைக்காதீங்கன்னு மைக்ரோசாப்ட்டே எழுதி வச்சிருக்கு. தெரியக் கூடாத ஆளுக்குப் படிக்கிற அனுமதியே குடுக்காதங்கிறதுதான் அவங்க சொல்ற வழி.

ஒரு காலண்டர் இன்னொண்ணோட பேச 'ஐகேலண்டர்'னு பொது முறை 1998ல வந்துச்சு, 2009ல புதுப்பிச்சாங்க. அதுல பொது, தனி, ரகசியம்னு மூணு முத்திரை உண்டு. நீ குத்தி அனுப்பலாம். போய்ச் சேர்ற மென்பொருள் அதை மதிக்கிறதும் மதிக்காததும் அதோட குணம். உன் காலண்டருக்குக் கூகுள் குடுக்குற ரகசிய இணைய முகவரி இன்னும் மோசம். அது யார் கையில கிடைச்சாலும் உன் சோலி பூராவும் படிக்கலாம். எங்கயாவது ஒட்டித் தொலைச்சிருந்தா, உடனே மாத்திப் புதுசு வாங்கு.

அதனால சொல்றேன். ரெண்டு காலண்டரையும் உன் சொந்தக் கைப்பேசியில ஒரே திரையில வச்சுப் பாரு; ஒண்ணுல இருக்கறதை இன்னொண்ணுக்கு ஏத்தாத. பாக்குறது வேற, கலக்குறது வேற. ஆப்பீஸ் காலண்டர்ல வெறும் 'பிஸி'ன்னு நேரத்தை அடைச்சு வை. ஆப்பீஸ் குடுத்த கைப்பேசியில வீட்டுக் கணக்கைச் சேர்க்காத. அந்தக் கைப்பேசியை மேய்க்கிறவங்க ஆப்பீஸ் ஆளுங்க.

எதுக்குப் பிஸின்னு யாராச்சும் கேட்டா, சிரிச்சுட்டுப் போயிரு. அதையும் மீறிக் கேக்குறவன் மேனேஜர் இல்லடா, சொந்தக்காரன்!