வரன் விளம்பரத்தில் பெண்ணின் அழகை எழுதுவது எப்படி?

பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தாயிற்று. ஜாதகம் நகல் எடுத்தாயிற்று, நட்சத்திரம் எழுதியாயிற்று, அவள் வேலை பார்க்கும் கம்பெனி பேரைத் தடித்த எழுத்தில் போட்டாயிற்று. “தோற்றம்” என்ற கட்டத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது. கவலை வேண்டாம். நம் புலவர்கள் ஈராயிரம் ஆண்டாக இதே கட்டத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்ததைச் செய்யாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் நிறம். தரகர் கணக்கில் நிறத்துக்கு நாலு படி: சிவப்பு, நல்ல நிறம், புதுநிறம், மாநிறம். ஐந்தாவது படிக்குப் பேர் கிடையாது. “முகம் களையா இருக்கும்” என்பார். உங்கள் பெண் நிற்கும் படிக்கு ஒரு படி மேலே எழுதுங்கள். பிள்ளை வீட்டார் படிக்கும்போதே ஒரு படி கழித்துக்கொள்வார்கள், கணக்கு நேராகிவிடும். உள்ளதை உள்ளபடி எழுதினீர்களோ, நஷ்டம் உங்களுக்குத்தான்.

தமிழாசிரியரான சித்தப்பா யாராவது இருந்தால் இந்த வரியை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். சங்கப் பாட்டில் தலைவியின் மேனி மாந்தளிர் நிறம், அதற்கு மாமை என்று பேர், அதுதான் அழகு என்று ஆரம்பிப்பார். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. அந்தப் பாட்டுகளில் பெண்ணின் மேனி வெளுத்தால் அது நோய். பொருள் தேடப் போனவன் திரும்பவில்லை, சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, மாமை போய்ப் பசலை படர்ந்து உடம்பு பீர்க்கம்பூ மாதிரி ஆகிவிட்டதே என்று தோழி பதறுவாள். வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கிப் பத்துக் குறளையும் புலம்பலாக வைத்தார். மகள் இப்படி நிறம் மாறக் கண்ட தாய், முருகன் அணங்கியதாக எண்ணிப் பூசாரியான வேலனை வரவழைப்பாள். ஆட்டை அறுத்து வெறியாட்டு நடக்கும்.

நமக்கு அந்தச் செலவெல்லாம் இல்லை. 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்ததிலிருந்து பசலையை டியூபில் அடைத்தே விற்கிறார்கள். பிரிந்துபோக ஒரு காதலன்கூடத் தேவையில்லை. 2014-இல் விளம்பரத் தரக் கவுன்சில், கருத்த முகம் உள்ளவர்களை வாழ்க்கையில் தோற்றவர்களாகக் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. 2020-இல் கிரீமின் பேர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதே ஆண்டு ஒரு பெரிய திருமணத் தளம், நிறத்தை வைத்து வரன்களைச் சலிக்கும் வசதியை எடுத்துவிட்டது. பதற வேண்டாம். பிள்ளையின் பெரியம்மா இருக்கிறார். போட்டோவைப் பார்த்த மாத்திரத்தில் அந்தச் சல்லடையைவிடத் துல்லியமாகச் சலித்துக் கொடுத்துவிடுவார்.

அடுத்தது அங்க லட்சணம். இங்கே புலவர்களை நம்பினால் குடி முழுகிவிடும். பத்துப்பாட்டில் ‘பொருநராற்றுப்படை’ என்று ஒன்று. கரிகாலனிடம் போனால் வயிறாரச் சாப்பிடலாம் என்று ஒரு கலைஞனுக்கு வழி சொல்லும் பாட்டு, எழுதியவர் முடத்தாமக்கண்ணியார். அதில் ஒரு பாடினியைக் கூந்தலில் தொடங்கிப் பாதம் வரை வர்ணிக்கிறார். நெற்றி பிறை, புருவம் வில், பல் முத்து என்று போகும்வரை நாமும் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். அதற்கப்புறம் மனிதர் கை நழுவுகிறது. காது, மயிர் வெட்டும் கத்தரிக்கோலின் பிடி மாதிரி இருக்கிறதாம். முன்கையில் மெல்லிய மயிராம், அது அழகாம். காலிலும் மயிர் ஒழுங்காக இறங்குகிறதாம், அதுவும் அழகாம். பார்லரில் சூடான மெழுகைப் பூசி, துணியை ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சர்ரென்று உரித்தெடுக்கும் அதே மயிர்! பாதத்துக்கு வந்ததும், களைத்துப்போன நாயின் நாக்கு என்று முடிக்கிறார்.

சிரிக்கலாம். ஆனால் ஓடி இளைத்த நாய் நாக்கைத் தொங்கவிடுவதை ஒருமுறை குனிந்து பாருங்கள்: மெலிசு, சிவப்பு, ஓரத்தில் ஒரு வளைவு. கத்தரிக்கோல் பிடியையும் கையில் எடுத்துப் பாருங்கள். மனிதர் நிஜமாகவே பார்த்திருக்கிறார். தாமரைப் பாதம் என்று எழுதிவிட்டுப் போனவர்களுக்கு அந்தச் சிரமம் இருந்திருக்காது. அதோடு நிற்கவில்லை. அந்தப் பாதம் சுடுமண்ணில் நடந்து, பரல்கல் குத்தி, நீர் கோத்துக் கொப்புளம் கண்டிருப்பதையும் அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடுகிறார். சோற்றுக்காக ஊர் ஊராக நடக்கிறவளின் கால் வேறு எப்படி இருக்கும்? விளம்பரத்தில் கொப்புளத்துக்கு இடமில்லை. தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள் என்பதற்கும் இடமில்லை. “ஐ.டி.” என்று இரண்டு எழுத்துப் போட்டால் போதும்.

வயது விஷயத்தில் மட்டும் புலவர்கள் நம் கட்சி. உலா இலக்கியக் கணக்குப்படி ஐந்து வயதுப் பேதை முதல் ஏழு பருவம். 32-இலிருந்து பேரிளம்பெண், 40-க்கு மேல் அந்த வரிசையில் ஆளே இல்லை. வீதியில் யானைமேல் உலா வரும் மன்னனுக்கு இந்தக் கணக்குத் தொந்தரவு கிடையாது. பெண்ணுக்கு 29 ஆகிறதா? ‘தெரிவை’யில் இருக்கிறாள், இன்னும் இரண்டு வருஷம் கையில் இருக்கிறது. சீக்கிரம்.

பெண் பார்க்க வருகிற அன்று மேக்கப்பை ஆள் வைத்துச் செய்யுங்கள். அழகுக்கலை நிபுணர் எப்படியும் இரண்டு ஷேடு கூட்டித்தான் போடுவார், கேட்கவே வேண்டாம். ஆனால் காதுக்குக் கீழே தாடையோரமாக ஒரு கோடு விழும் பாருங்கள், அதைக் கழுத்துவரை இழுத்துவிடச் சொல்லுங்கள். கைகளை மறந்துவிடாதீர்கள். முகம் “நல்ல நிறம்”, காபித் தட்டைப் பிடித்த கை “மாநிறம்” என்று ஒரே பெண் இரண்டு படியில் நின்றால் பெரியம்மா விட மாட்டார்.

பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இந்தக் கையேடு தேவையில்லை. கம்பர் இராமனின் கருமையைச் சொல்ல மை, மரகதம், கடல், மழைமேகம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒன்றும் போதாமல் கைவிட்டார். கம்பன் விழாவில் அந்த இடத்துக்குக் கண் கலங்கிக் கைதட்டிவிட்டு வந்து, “பொண்ணு கொஞ்சம் செவப்பா இருந்தா தேவலை” என்பவர்கள் அவர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கபிலர் மாதிரி விளம்பரம் எழுதாதீர்கள். பறம்புமலைப் பாரி இறந்தபின் அவன் மகள்கள் இருவருக்கும் வரன் தேடிக் கிளம்பியவர் அவர். விச்சிக்கோனிடம் போனார், நடக்கவில்லை. இருங்கோவேளிடம் போனார், அவனும் மறுத்தான். புறநானூற்றில் 200, 201, 202 எண்ணுள்ள பாட்டுகள் இந்த அலைச்சலின் பதிவு. பெண்களை எப்படி அறிமுகப்படுத்தினார் தெரியுமா? முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தவனின் மக்கள் என்றார். நிறம் சொல்லவில்லை, கண் சொல்லவில்லை, இடை சொல்லவில்லை. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பேர் சொல்லி அடுக்கியவருக்கு வர்ணிக்கத் தெரியாமல் இல்லை. இப்படி எழுதினால் எந்தப் பிள்ளை வீட்டார் திரும்பக் கூப்பிடுவார்கள்?

அந்தப் பெண்களுக்குப் பின்னாளில் வழங்கிய பேர் அங்கவை, சங்கவை. 2007-இல் ‘சிவாஜி’ படத்தில் அதே பேரில் இரண்டு பெண்களை முகமெல்லாம் கருமை பூசி நிறுத்தினார்கள், பார்த்ததும் சிரிப்பதற்காக. அவர்களுக்கு அப்பாவாக நடித்தவர், மேடை மேடையாகத் தமிழ் பேசிய பட்டிமன்ற நடுவர் சாலமன் பாப்பையா. தியேட்டரே குலுங்கியது. அதே படத்தில் நாயகன் வெளுப்பதற்குப் படும் பாட்டுக்கும் சிரித்தோம். ஆனால் அவருக்கு வெளுத்த பிறகு ஒரு பாட்டு கிடைத்தது.

இன்னொன்று. பாரி மகளிர் சொந்தமாகப் பாட்டு எழுதியவர்கள். புறநானூறு 112 அவர்களுடையது. உங்கள் பெண்ணுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் “இதர விவரங்கள்” கட்டத்தில்கூடப் போட வேண்டாம். நிச்சயதார்த்தம் முடியட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.