மயிலாப்பூர் நாற்காலி

அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் சட்டமன்ற உறுப்பினர் நாற்காலியோடு ஒட்டிக்கொள்ளாதிருக்கப் பதவிக்கால வரம்பு உண்டு. மயிலாப்பூருக்கு அந்தச் சிரமமே இல்லை. 2001-இல் கே.என்.லட்சுமணன், 2006-இல் எஸ்.வி.சேகர், 2011-இல் ராஜலட்சுமி, 2016-இல் முன்னாள் டி.ஜி.பி. நட்ராஜ், 2021-இல் த.வேலு. ஐந்து தேர்தல், ஐந்து பேர். ஜனங்களுக்கு மாற்றம் பிடிக்கும் என்பார்கள். இருக்கலாம், நட்ராஜ் மறுபடி நின்று தோற்றார்தான். ஆனால் மாற்றியது ஆளையா, சின்னத்தையா? 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு ஓட்டெடுப்பில் கொறடா சொன்னபடி கை தூக்க வேண்டும். அதற்கு அனுபவம் தேவையில்லை. தொகுதி வேலை இல்லையா என்றால், குப்பை மாநகராட்சியுடையது, தண்ணீர் குடிநீர் வாரியத்துடையது, திட்டு மட்டும் எம்.எல்.ஏ.வுடையது. அதை வாங்கிக்கொள்ளவும் போட்டி கடுமை: 2021-இல் தி.நகரில் ஜெ.கருணாநிதி வென்றது 137 வாக்கில். தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் ஒரு கடை வாசலிலேயே அதைவிடக் கூட்டம் நிற்கும்.